கணனி திறக்கவில்லையா? அவசரப்படாதீர்கள்

ஐப்பசி மாதத்து மாலைகளில் ஹட்டனில் இடியும் மழையும் சொல்லி வைத்தாற்போல் வந்துவிடும். 2025 ஒக்டோபரில் அப்படியொரு மாலையில்தான் அந்த அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், மகளோட கம்ப்யூட்டர் தொறக்க மாட்டேங்குது. கடையில கேட்டோம். எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா வின்டோஸ் போட்டுத் தாறோம்னு சொல்றாங்க. போடச் சொல்லட்டா?"

"வேணாம் அக்கா. இப்பவே சுவிட்சை நிப்பாட்டி பிளக்கைக் கழட்டி வைங்க. யாருக்கும் குடுக்க வேணாம். நாளைக்கு நான் வாறேன்" என்றேன்.

அந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய பெற்றோர் ஹட்டனுக்குக் கிட்டிய தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன ஏராளமான குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. அக்கா வன்னியில் பிறந்து வளர்ந்து, அங்கேயே திருமணம் முடித்தவர். 2009 மே மாதத்தில் கணவர் காணாமற்போனார். கைக்குழந்தையோடு மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, சின்னம்மாவின் துணையைத் தேடி மீண்டும் பெற்றோரின் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார். அந்தக் குழந்தை இப்போது உயர்தர வகுப்பு மாணவி.

கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் எல்லாம் இணையவழி நடந்தபோது, சீட்டுப் பணத்தில் பாவித்த கணனியொன்றை வாங்கினார்கள். பாடத்துக்கென்று வாங்கிய அந்தக் கணனி நாளடைவில் வீட்டின் பெட்டகமாகவும் ஆகிவிட்டது. கணவரின் புகைப்படம், மகளின் பிறப்புச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை, முறைப்பாட்டுக் கடிதங்களின் பிரதிகள் எல்லாவற்றையும் மகள் ஸ்கேன் செய்து அதில் போட்டு வைத்திருந்தாள். இவற்றைவிடப் பெரிய விடயம் ஒன்றும் அதில் இருந்தது. எந்த நாள் எந்த ஊரை விட்டு வெளிக்கிட்டார்கள், எங்கே பதுங்குகுழி வெட்டினார்கள், கணவரைக் கடைசியாக எங்கே, யாரோடு கண்டார் என்று தாய் சொல்லச் சொல்ல மகள் இரவு நேரங்களில் தட்டச்சு செய்த 43 பக்கங்கள். அதற்கு வேறு பிரதி கிடையாது.

நான் செய்த தவறு

அக்காவிடம் அவ்வளவு உறுதியாக "வேண்டாம்" என்று சொன்னதற்குக் காரணம் என் கெட்டித்தனம் அல்ல. நானே ஒருமுறை பட்டவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து, முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் கணனி பழுதாகிவிட்டது. நானே அதை எடுத்துப்போய்க் கடையில் கொடுத்தேன். இரண்டு நாளில் திருத்தித் தந்தார்கள். மிக நன்றாக வேலை செய்தது. ஆனால் மூன்று வருட வீட்டுத் தரிசிப்புக் குறிப்புகளில் ஒன்றுகூட அதில் இல்லை.

கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கணனியைத் திருத்தித் தாருங்கள்" என்றுதான் நான் கேட்டேன். "உள்ளே இருப்பவற்றை முதலில் எடுத்துத் தாருங்கள்" என்று கேட்கவில்லை. இவை இரண்டும் வேறு வேறு வேலைகள் என்று அன்று எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் இது ஒன்றைத்தான்.

திறக்காவிட்டால் அழிந்துவிட்டது என்று பொருளா?

இல்லை. கணனியைத் திறந்து இயங்க வைப்பது வின்டோஸ் போன்ற இயங்குதளம். நம்முடைய கடிதங்களும் படங்களும் இருப்பது ஹாட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில். வின்டோஸும் அதே தட்டில்தான் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றாலோ, இடி மின்னலில் மின்சாரம் ஏறி இறங்கினாலோ வின்டோஸின் சில பகுதிகள் பழுதாகிவிடலாம். அப்போது கணனி பாதிவரை வந்து மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அல்லது நீலத் திரை காட்டும். பெரும்பாலான வேளைகளில் நம் கடிதங்களும் படங்களும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும்.

இதை ஒரு லயத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். கதவிலக்கங்கள் எல்லாம் அழிந்துபோனால் தபால்காரர் வீடு தெரியாமல் தடுமாறுவார். ஆனால் ஆட்கள் வீட்டுக்குள்தான் இருப்பார்கள். வெறும் இலக்கம் அழிந்தது என்பதற்காக அந்த வீடுகளில் வேறு ஆட்களைக் குடியேற்றினால், பழைய ஆட்களை அங்கே காண முடியாது. விரைவாகச் செய்யும் 'போமட்' அநேகமாக இலக்கங்களைத்தான் அழிக்கிறது. அதன்மேல் புதிய வின்டோஸைப் போடுவதுதான் புதிய ஆட்களைக் குடியேற்றுவது. இடம்பெயர்ந்து திரும்பிய சகோதரிகளுக்கு இதை நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் வின்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு உதவியை மைக்ரோசொப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அதனால் பழைய கணனியைக் கொண்டுபோனதும் "புதுசா போட வேண்டும்" என்று சொல்வது இப்போது இன்னும் சாதாரணமாகிவிட்டது. போடலாம், தவறில்லை. உள்ளே இருப்பவற்றை வெளியே எடுத்த பிறகு போட வேண்டும்.

அன்று நாங்கள் செய்தது

மறுநாள் காலையில் கணனி திருத்தத் தெரிந்த தம்பி ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? கணனியை ஒரே ஒரு தடவை போட்டு, பெட்டியின் அருகில் காதை வைத்துக் கேட்டார்.

"டிக், டிக்னு சத்தம் வந்தா நான் கை வைக்க மாட்டேன் மிஸ். இதுல அப்படிச் சத்தம் இல்ல. நல்லது" என்றார்.

பழைய வகை வன்தட்டுக்குள் தட்டு சுழலும்; அதன்மேல் மிக மெல்லிய இடைவெளியில் வாசிக்கும் முனை ஓடும். டிக் டிக் என்றோ உரசுவது போலவோ சத்தம் வந்தால் அந்த முனை பழுதாகியிருக்கக்கூடும். மேலும் மேலும் கணனியைப் போட்டுப் பார்த்தால் தட்டு கீறுப்பட்டுவிடும். அந்த நிலையில் உடனே நிறுத்திவிட்டு, தூசி புகாத அறையில் வன்தட்டைத் திறந்து வேலை செய்யும் விசேட நிபுணர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம். வீட்டில் மூடியைத் திறப்பது, குளிரூட்டியில் வைத்து எடுப்பது போன்ற கைமருந்துகளைச் செய்யவே கூடாது.

அடுத்து, தம்பி ஒரு பென் ட்ரைவை எடுத்தார். அதில் 'லினக்ஸ் மின்ட்' என்ற இலவச இயங்குதளம் இருந்தது. நல்ல நிலையிலுள்ள வேறொரு கணனியில் அதை இணையத்திலிருந்து இறக்கி, 'ரூஃபஸ்' போன்ற ஒரு மென்பொருளால் பென் ட்ரைவில் பதிந்துகொள்ளலாம். பதியும்போது அந்தப் பென் ட்ரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால் வெறுமையான ஒன்றைப் பாவியுங்கள்.

பென் ட்ரைவைச் செருகி, கணனியைப் போட்டவுடன் எஃப்12 விசையை விட்டு விட்டு அழுத்தினார். (சில கணனிகளில் எஃப்9, எஃப்11 அல்லது எஸ்கேப் விசையாக இருக்கும்.) எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் வந்தது. பென் ட்ரைவைத் தெரிவு செய்தார். சில நிமிடங்களில் வேறொரு முகப்புத் திரை வந்தது. வன்தட்டில் எதையும் எழுதாமல், பென் ட்ரைவிலிருந்தே கணனி இயங்கியது. அந்தத் திரையில் 'இன்ஸ்டோல்' என்றொரு சின்னமும் இருந்தது.

"இதை மட்டும் தொடாதீங்க தங்கச்சி. தொட்டு 'ஆம்'னு சொல்லிக்கிட்டே போனா ஹாட் டிஸ்க்ல புதுசா எழுதிடும்" என்று மகளிடம் சொன்னார்.

பிறகு வன்தட்டைத் திறந்தார். அதில் 'யூசர்ஸ்' என்ற கோப்புறை, அதனுள் மகளின் பெயர், அதனுள் 'டெஸ்க்டொப்', 'டொகியுமன்ட்ஸ்', 'பிக்சர்ஸ்'. நம்மில் பலர் எல்லாவற்றையும் முகப்புத் திரையிலேயே போட்டு வைப்பவர்கள். அவை டெஸ்க்டொப் கோப்புறைக்குள்தான் கிடக்கும். புதிய வின்டோஸ் போடும்போது முதலில் அழிவதும் அந்தப் பகுதிதான்.

முதலில் எதை எடுப்பது என்று தம்பி கேட்டார். மகள் படங்கள் என்றாள். அக்கா, "அந்த எழுதினதை எடுங்க தம்பி" என்றார். வன்தட்டு எந்த நேரத்திலும் முழுதாக நின்றுவிடலாம் என்பதால், மிக முக்கியமான, அளவில் சிறிய கோப்புகளை முதலில் எடுப்பதுதான் சரியான முறை. 43 பக்கங்களும் ஒரு நொடியில் வெளி வன்தட்டுக்கு வந்துவிட்டன. அதன் பின்னர் படங்கள், சான்றிதழ்கள், கடைசியாகப் பாடக் குறிப்புகள். சினிமாப் படங்களை விட்டுவிட்டோம்.

எடுத்தவற்றை அப்படியே நம்பிவிடவில்லை. நான் கொண்டுபோன மடிக்கணனியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பெயர் மட்டும் வந்து உள்ளே வெறுமையாக இருக்கும் கோப்புகளும் உண்டு. கணவரின் படம் திறந்தபோது அக்கா முந்தானையால் திரையைத் துடைத்தார். சுவரில் தொங்கும் அசல் படத்தில் ஈரமும் பூஞ்சணமும் ஏறி, முகத்தில் பாதி கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. தெளிவான முகம் கணனியில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

இந்த வழி சரிவராவிட்டால்

பென் ட்ரைவிலிருந்தும் கணனி தொடங்கவில்லை என்றால், மின் இணைப்பைக் கழற்றிவிட்டு வன்தட்டை வெளியே எடுத்து, யு.எஸ்.பி. இணைப்புப் பெட்டியொன்றின் மூலம் வேறு கணனியில் செருகிப் பார்க்கலாம். அப்போது சில வேளைகளில் "இந்தத் தட்டைப் பாவிக்க முன் போமட் செய்ய வேண்டும்" என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். 'கான்சல்' என்பதையே அழுத்துங்கள். பயந்து 'ஆம்' சொல்லி இழந்தவர்கள் பலர்.

வின்டோஸ் தானே காட்டும் திருத்தல் பட்டியலில் 'ரீசெட் திஸ் பிசி' என்று ஒன்று உண்டு. அதற்குள் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று வருவது எல்லாவற்றையும் அழிக்கும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்பது நம் கோப்புகளை விட்டு வைக்கும் என்றாலும், அதையும் பிரதி எடுத்த பின்னரே செய்யுங்கள். பலவீனமான வன்தட்டுக்குத் திருத்தும் வேலையே பெரும் பாரமாகிவிடும்.

புதிய மடிக்கணனிகளில் இரண்டு வேறுபாடுகள் உள்ளன. ஒன்று, அவற்றில் இருப்பது சுழலும் தட்டு அல்ல, எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லு. அது பழுதாகும்போது சத்தம் தராது. அதில் அழித்தவற்றைத் திரும்ப எடுப்பதும் மிகக் கடினம். இரண்டாவது, 'பிட்லொக்கர்' என்ற பூட்டு. அது இருந்தால் வெளியிலிருந்து திறக்கும்போது 48 இலக்க மீட்பு எண் கேட்கும். மைக்ரோசொப்ட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அந்த எண் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணனி நன்றாக இருக்கும்போதே அதைத் தேடிப் பார்த்து, கொப்பியொன்றில் எழுதி வையுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

எல்லோராலும் வீட்டில் செய்ய முடியாது. கடைக்குக் கொடுப்பதானால் இவற்றைக் கவனியுங்கள்.

"உள்ளே இருப்பவைதான் எனக்கு முக்கியம். அவற்றை எடுத்துத் தரும்வரை போமட் செய்ய வேண்டாம், வின்டோஸ் போட வேண்டாம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

எந்தக் கோப்புறை தேவை என்று எழுதிக் கொடுங்கள். எடுத்ததை உங்கள் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் பழைய வன்தட்டை அழிக்க விடாதீர்கள். புதிய வன்தட்டு போட்டால் பழையதைக் கேட்டு வாங்குங்கள்; அது உங்களுடையது.

பெண்கள் நாம் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் படங்கள், பிள்ளைகளின் படங்கள், காணாமற்போனவர் பற்றிய குறிப்புகள், சாட்சி சொன்னவர்களின் பெயர்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம். முடிந்தால் அருகில் இருந்தே வேலையைச் செய்வித்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒருவர் மூலம் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மீதியை மட்டும் திருத்தக் கொடுக்கவும் முடியும்.

ஒரு பிரதி போதாது

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அதோடு போயின. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கேன் செய்து எவரும் வாசிக்க வைத்தது. ஒரு பொருள் ஓரிடத்தில் மட்டும் இருக்கக்கூடாது என்ற பாடம் நம் வீட்டுக் காகிதங்களுக்கும் பொருந்தும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது கணனித் துறையினர் சொல்லும் எளிய கணக்கு. கணனியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு மாவட்டத்து உறவினரிடம் அல்லது இணையச் சேமிப்பில் ஒன்று. பென் ட்ரைவை மட்டும் நம்பாதீர்கள். அது சிறியது, தொலையும், சொல்லாமல் பழுதாகும். மிக முக்கியமான பக்கங்களைக் கடதாசியிலும் அச்சிட்டு வையுங்கள். இடி முழங்கும்போது கணனியின் பிளக்கையும் இணையப் பெட்டியின் வயரையும் கழற்றிவிடுங்கள். வீட்டில் கணனி இல்லாத சகோதரிகளும் இதை உங்களுக்கல்ல என்று விட்டுவிட வேண்டாம். கைத்தொலைபேசியில் மட்டும் இருக்கும் படங்களுக்கும் இதே கணக்குத்தான்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், காணாமற்போனவரை இறந்தவர் என்று பதியாமலே, காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற வழி உண்டு. அதே ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் அமைந்தது. அதில் நம்பிக்கை வைக்காமல், 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து போராடத் தொடங்கிய தாய்மாரும் இருக்கிறார்கள். எந்த வழியில் போனாலும் எப்போது, எங்கே, யாரோடு என்ற கேள்விகள் வரும். வருடங்கள் போகப் போக ஞாபகம் மங்கும். அப்படி எழுதி வைத்ததற்கு எந்தக் கந்தோரிலும் பிரதி எடுக்க முடியாது.

பிறகு நடந்தது

அன்றே மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று வவுனியாவில் இருக்கும் கணவரின் அக்காவுக்குப் போனது. அதன் பின்னர்தான் தம்பி கணனிக்குப் புதிதாக வின்டோஸ் போட்டுக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து, 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. மலையகமெங்கும் மண்சரிவு. அவர்களுடைய லயத்துக்கு மேலே மேடு வெடித்திருந்ததால் எல்லோரையும் பாடசாலைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே நான் போனபோது, அக்கா ஒரு பொலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"வன்னியிலயும் இப்படித்தான் மிஸ், பையைத் தூக்கிக்கிட்டே ஓடினேன். ஓடுற ஓட்டத்துல பாதி காகிதம் எங்க விழுந்துச்சுன்னே தெரியாது" என்றார். பிறகு பையைத் தட்டிக் காட்டினார். "இது நனைஞ்சாலும் பரவாயில்ல. மதினிகிட்ட இன்னொன்னு இருக்கு."

கணனியைத் தூக்கி வந்தீர்களா என்று கேட்டேன். லயத்திலேயே விட்டுவிட்டு வந்ததாக மகள் சொன்னாள். நல்லவேளையாக மண் இறங்கவில்லை. ஒரு வாரத்தில் வீடு திரும்பினார்கள். அந்த 43 பக்கங்கள் இப்போது 50ஐத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு மாதச் சம்பளத்தன்றும் மகள் புதிய பிரதியொன்றை எடுத்து வைக்கிறாள். அந்த நாளைத் தெரிந்தெடுத்தது அக்காதான். சம்பள நாள் மறக்காது என்றார்.